கிலிம் படகுப் பயணம்: பாறை, பாக்காவ், பருந்து

மாணவர்களே, பள்ளி விடுமுறை விட்டால் லங்காவிக்குக் கிளம்பும் குடும்பங்கள் நம்மில் அதிகம். கேபிள் கார், வரியில்லாத சாக்லெட், கழுகுச் சிலைக்கு முன்னால் ஒரு படம் என்று இரண்டு நாள் ஓடிவிடும். மூன்றாவது நாள் கையில் இருந்தால் தீவின் வடகிழக்குப் பக்கம் போகலாம். கிலிம் படகுத்துறையில் வழிகாட்டியோடு படகு ஏறினால், ஒரே பகலில் வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம். இந்த வாரம் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவோம். கூடவே, அங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படும் ஒரு சிக்கலையும் பார்ப்போம். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். லங்காவி என்பது ஒரு தீவு அல்ல. 99 தீவுகளின் கூட்டம். 2007-ஆம் ஆண்டு அது உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் இடம்பிடித்தது. தென்கிழக்காசியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது லங்காவிதான். உலக அளவில் முக்கியமான பாறைகளும் அவை காட்டும் நில வரலாறும் உள்ள இடங்களுக்கே யுனெஸ்கோ இந்தத் தகுதியைத் தருகிறது. கேபிள் கார் ஏறும் மச்சின்சாங் மலை 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மணற்பாறையால் ஆனது. கிலிம் பகுதியோ சுண்ணாம்புப் பாறை நாடு.

படகு எத்தனை மணிக்கு?

படகுப் பயணத்தை முன்பதிவு செய்யும்போது, "நாளைக்கு ஒன்பதரை, நாளன்றைக்கு என்றால் கொஞ்சம் தாமதமாக" என்று வழிகாட்டி சொல்வதைக் கேட்கலாம். அவர் தன் வசதிக்காக நேரத்தை மாற்றவில்லை. நேரத்தை முடிவு செய்வது நிலா.

கிலிம் ஆறு என்று பெயர் இருந்தாலும், படகு போகும் பகுதி முழுவதும் கடல் நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. இங்கே ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். நிலாவின் ஈர்ப்பே இதற்கு முக்கியக் காரணம். பூமி ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுகிறது. ஆகவே, அதே நிலை திரும்பி வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. இன்று காலை 10 மணிக்கு நீர் வற்றியிருந்தால், நாளை ஏறக்குறைய 10.50-க்கு வற்றும். ஏழு நாளுக்குக் கணக்குப் போடுங்கள்: 350 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது, அடுத்த வாரம் இதே காலை 10 மணிக்கு ஆறு நிறைந்திருக்கும்.

இதனால் என்ன என்று கேட்கலாம். பயணத்தில் 'குவா புவாயா' என்றொரு குகை வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்; உள்ளே முதலை இல்லை. படகு அதற்குள் நுழைந்து வெளியேற வேண்டும். கூரை தாழ்வானது. நீர் ஏறியிருந்தால் படகுக்கு இடம் இருக்காது. அதேபோல், சேற்றில் வாழும் நண்டுகளைப் பார்க்க வேண்டுமானால் சேறு வெளியே தெரிய வேண்டும். நல்ல வழிகாட்டி காலையில் முதலில் பார்ப்பது கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத்தான்.

மழை கரைத்த மலை

படகு கிளம்பிய சில நிமிடங்களிலேயே இரு பக்கமும் செங்குத்தான சாம்பல் நிறப் பாறைகள் எழும். அவற்றின் உச்சியில், மண்ணே இல்லாத இடத்தில், மரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பாறை 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்தது. சிப்பி, ஓடு போன்ற கடல் உயிரிகளின் சுண்ணாம்புப் பொருள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகிப் பாறையானது. அருகிலுள்ள லங்குன் தீவுப் பாறைகளில் டிரைலோபைட் போன்ற, இன்று பூமியில் இல்லாத உயிரிகளின் படிமங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் இந்த நிலத்துண்டு கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில், இன்றைய ஆஸ்திரேலியாவின் அருகே இருந்தது. இந்தியாவும் அதே கண்டத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

கடலடியில் இருந்த பாறை மேலே தள்ளப்பட்ட பிறகு, மழை தன் வேலையைத் தொடங்கியது. மழைநீர் சுத்தமான நீர் அல்ல. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு அது மெல்லிய கார்போனிக் அமிலமாக விழுகிறது. மாசில்லாத இடத்து மழையின் பி.எச். அளவுகூட ஏறக்குறைய 5.6 தான். மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவும் சேர்ந்து அமிலம் இன்னும் வலுவாகிறது. கால்சியம் கார்போனேட் என்ற சுண்ணாம்புப் பொருள் இந்த அமிலத்தில் கரையும். விரிசல் பிளவாகும், பிளவு குகையாகும். வீட்டில் ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பாருங்கள். குமிழிகள் வரும்; மறுநாள் ஓடு மெலிந்திருக்கும். வினிகர் ஒரு நாளில் செய்வதை மழை இலட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்கிறது. (முட்டை ஓட்டை மறந்துவிடாதீர்கள், பிறகு வேறொரு காரணத்துக்காக அதற்குத் திரும்ப வருவோம்.)

பாறைகளின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். நீர்மட்டத்தை ஒட்டி, யாரோ கரண்டியால் சுரண்டி எடுத்ததுபோல் உள்வாங்கி இருக்கும். அலை, கரைதல், பாறையைச் சுரண்டித் தின்னும் சிறு கடலுயிரிகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. சில இடங்களில் இதே போன்ற பள்ளம் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே, அலை எட்டாத உயரத்தில் இருக்கும். பயணத்தில் பார்க்கும் வௌவால் குகையான குவா கெலாவாரின் சுவரிலும் பழைய கடற்சிப்பிகள் ஒட்டியிருக்கின்றன. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்ததற்கு இவை சாட்சி. வழிகாட்டி சொல்லாமல் கடந்துபோனால் நீங்களே கேளுங்கள்.

உப்பில் ஊறாத மரம்

இப்போது பாறையை விட்டு மரத்துக்கு வருவோம். ஆற்றின் இரு கரையிலும் இருப்பது சதுப்புநிலக் காடு. நம் பேச்சில் பாக்காவ் காடு.

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் விடும் அல்லவா? பள்ளியில் 'ஒஸ்மோசிஸ்' என்று படித்திருப்பீர்கள். தமிழில் சவ்வூடுபரவல். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சாதாரண செடியின் வேரை அதில் வைத்தால், மாங்காயின் கதிதான். பாக்காவ் மரம் மட்டும் எப்படிப் பிழைக்கிறது?

ஒரே விடை இல்லை என்பதுதான் இதில் சுவை. பாக்காவ் மரம் வேரிலேயே வடிகட்டுகிறது. உள்ளே வரும் நீரிலிருந்து உப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியே நிறுத்திவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் அப்பி-அப்பி மரம் வேறு வழியைக் கையாள்கிறது. உப்பு உள்ளே வரட்டும் என்று விட்டுவிட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக அதை வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய நேரத்தில் அந்த இலையில் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

உப்பு ஒரு பிரச்சினை என்றால் சேறு இன்னொரு பிரச்சினை. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. படகு கரையோரம் போகும்போது அழுகிய முட்டை வாடை வருகிறதே, அது ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. வேருக்கும் மூச்சு வேண்டும். எனவே பாக்காவ் மரம் தண்டிலிருந்து வளைந்த கால்களை இறக்கி, கூடாரக் கம்பிகள் போல் நிற்கிறது. அந்தக் கால்களின் பட்டையிலுள்ள நுண்துளைகள் காற்றை உள்ளே இழுக்கின்றன. அப்பி-அப்பி மரமோ சேற்றுக்குள்ளிருந்து பென்சில்களை நட்டுவைத்ததுபோல் நூற்றுக்கணக்கான வேர்களை மேல்நோக்கி நீட்டுகிறது. கீழே போக வேண்டிய வேர் மேலே வருகிறது!

கிளைகளில் முருங்கைக்காய் போல் பச்சையாக நீண்டு தொங்குவது காய் அல்ல, கன்று. பாக்காவின் விதை தாய்மரத்திலேயே முளைத்துவிடும். தயாரான பின் கீழே விழும். சேறாக இருந்தால் அங்கேயே குத்திக்கொண்டு வேர்விடும். நீர் ஏறியிருந்தால் மிதந்து வேறு இடம் தேடிப் போகும்.

இந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். காரணத்தைச் சொல்பவர்கள் குறைவு. விழும் இலையும் கிளையும் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மெதுவாகவே மக்குகின்றன. ஆகவே, மரம் காற்றிலிருந்து எடுத்த கரிமம் சேற்றுக்குள் நீண்ட காலம் புதைந்து கிடக்கிறது. இது ஒன்று. மற்றொன்று, வேர்களின் அடர்த்தி அலையின் வேகத்தைத் தணிக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பினாங்கையும் லங்காவியையும் தாக்கியது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும்.

நடக்கும் மீன், சுடும் மீன்

நீர் வற்றிய கரையில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினால், இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சேறே அசைவதுபோல் இருக்கும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்கு மீறிப் பெரிதாக இருக்கும் நண்டுகள் வெளியே வந்து அதை ஆட்டும். பெரிய கொடுக்கு ஆண் நண்டுக்கு மட்டுமே. பெண்ணை அழைக்கவும் எதிரியை மிரட்டவும் அது பயன்படும்.

சேற்றின் மேல் துள்ளித் துள்ளிப் போகும் மீனை மலாயில் பெலாச்சாக் என்பார்கள். செவுள் அறைக்குள் கொஞ்சம் நீரை அடைத்துவைத்துக்கொண்டு, ஈரமான தோல் வழியாகவும் வாயின் உட்புறம் வழியாகவும் அது சுவாசிக்கிறது. தோல் காய்ந்தால் ஆபத்து. அதனால்தான் அடிக்கடி சேற்றில் புரளும். இன்னும் ஒரு வியப்பு: அது தோண்டும் வளையில் முட்டையிடும் அறை இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் போதாது. ஆகவே வாய் நிறையக் காற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய் விட்டு வரும் வகைகளும் இவற்றில் உண்டு.

மிதவை மீன் பண்ணையில் படகு நின்றால், இக்கான் சும்பிட்டைக் காட்டச் சொல்லுங்கள். கிளையில் இருக்கும் பூச்சியை நீரைப் பீய்ச்சி வீழ்த்தும் மீன் இது. மேல்வாயில் ஒரு பள்ளம் உண்டு. நாக்கை அதன்மேல் அழுத்தினால் குழாய் போலாகிவிடும். செவுள் மூடிகளை இறுக்கினால் நீர் பாயும். வியப்பு அதோடு முடியவில்லை. நீருக்குள் இருந்து பார்க்கும்போது ஒளிவிலகல் காரணமாகப் பூச்சி, தான் இருக்கும் இடத்தைவிட உயரத்தில் தெரியும். தெரியும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் குறி தப்பும். மீன் அந்தப் பிழையைச் சரிசெய்தே சுடுகிறது. நாம் தேர்வில் படம் வரைந்து காட்டுவதற்கே தடுமாறுகிறோம்.

வட்டமிடும் பருந்து

படகு ஆற்றின் அகன்ற பகுதிக்கு வரும்போது எல்லாரும் கேமராவைத் தூக்குவார்கள். செங்காவி நிற உடல், வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. இது செம்பருந்து. கோயில் குடமுழுக்கின்போது வானத்தைப் பார்த்துக் "கருடன் வந்துவிட்டது" என்கிறோமே, அதே பறவைதான். 'ஹெலாங்' என்றால் கழுகு, 'காவி' என்றால் செந்நிறம். இரண்டும் சேர்ந்து லங்காவி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். இதைவிட மிகப் பெரிய, சாம்பல் இறக்கையும் வெள்ளை வயிறும் கொண்ட பறவையைக் கண்டால் அது வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. விரித்த இறக்கையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர்.

சிக்கல் இங்கேதான். பல படகுகள் ஒரு பிளாஸ்டிக் வாளி கோழித்தோலோடு வரும். தோலை நீரில் வீசி, இயந்திரத்தை முடுக்கி நீரைக் கலக்குவார்கள். பத்து, இருபது பருந்துகள் சுழன்று இறங்கி நகத்தால் கொத்தி எடுக்கும். பார்க்க அருமையாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. இயற்கை ஆர்வலர்கள் இதை நெடுநாளாகக் கண்டித்து வருகிறார்கள். ஏன்?

செம்பருந்தின் இயல்பான உணவு மீன், நண்டு, சிறு உயிரிகள், கரையொதுங்கிய செத்த மீன். மீனை உண்ணும்போது எலும்பும் சேர்ந்து உள்ளே போகும். எலும்பில் கால்சியம் இருக்கிறது. கோழித்தோலில் பெரும்பகுதி கொழுப்பு. வயிறு நிறையும், கால்சியம் சேராது. இப்போது வினிகரில் போட்ட அந்த முட்டை ஓட்டை நினைத்துப் பாருங்கள். ஓடு என்பது கால்சியம் கார்போனேட், அதாவது இந்த மலை எதனால் ஆனதோ அதே பொருள். தாய்ப்பறவையின் உணவில் கால்சியம் குறைந்தால் ஓடு மெலியும். குஞ்சின் எலும்பும் வலுவாக வளராது.

அடுத்தது, பழக்கம். மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும் பாவ்லோவின் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே மணிக்குப் பதில் படகு இயந்திரம். சத்தம் கேட்டதும் பறவை வருகிறது. தானே வேட்டையாடக் கற்க வேண்டிய இளம் பருந்து வாளியை எதிர்பார்க்கக் கற்கிறது. ஒதுங்கி வாழ வேண்டிய பறவைகள் ஒரே இடத்தில் கூடும்போது நோயும் எளிதில் பரவும். குரங்குகளுக்குக் கடலையும் ரொட்டியும் கொடுப்பதும் இதே கதைதான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்கின் வயிறு பல அறைகள் கொண்டது; இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பதற்கு அமைந்தது. அதற்கு இனிப்பு பிஸ்கட் கொடுப்பது அன்பு ஆகாது. சிங்கப்பூரில் 2020 முதல் காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுப்பதே சட்டப்படி குற்றம்.

படகின் வேகமும் ஒரு விஷயம். வேகமாகப் போகும் படகு பின்னால் எழுப்பும் அலை கரையில் மோதும். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். குறுகிய ஆற்றில் நாளெல்லாம் இப்படி மோதினால் வேரைச் சுற்றியுள்ள சேறு அரித்துப்போகும்; வேர் வெளியே தெரியும்; ஒரு நாள் மரம் சாயும். கரையோரம் ஆற்றுப் பக்கம் சாய்ந்து கிடக்கும் மரங்களைப் பார்த்தால், அதன் எதிரே ஆறு எவ்வளவு குறுகல் என்றும் பாருங்கள்.

இதற்காகப் படகோட்டிகளைத் திட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல. அவர்களில் பலர் கிலிம் கிராமத்தவர், மீன்பிடித்த குடும்பங்கள். "பருந்து காட்டவில்லையா?" என்று முகம் சுளிக்கும் பயணி இருக்கும் வரை வாளியும் இருக்கும். கேட்கும் நாம் மாறினால் அவர்கள் மாறுவதற்குச் சிரமமே இல்லை. உண்மையில், தீனி போடாமல் மெதுவாகப் போகும் வழிகாட்டிகளும் அங்கே இருக்கிறார்கள். துடுப்புப் படகில் போகும் பயணங்களும் உண்டு. செலவு சற்றுக் கூடலாம். சத்தமில்லாத படகில் பருந்து தானாக மீன் பிடிப்பதை ஒரே ஒரு முறை பார்த்தாலும் போதும் என்பது என் கருத்து.

வௌவாலுக்கும் டுரியானுக்கும் என்ன?

குகை வௌவால்களைப் பார்த்து முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. குகைகளில் வாழும் வௌவால்களில் தேன் குடிக்கும் இனம் ஒன்று உண்டு. சதுப்புநிலத்தில் பெரெம்பாங் மரத்தின் பூ இரவில்தான் மலரும். ஓராண்டு முழுவதும் ஏதோ ஒரு மரம் பூத்துக்கொண்டிருப்பதால் அந்த வௌவாலுக்குத் தேன் கிடைத்துக்கொண்டே இருக்கும். டுரியான் பூக்கும் சில வாரங்களில் அதே வௌவால் தோட்டத்துக்குப் பறந்து வந்து மகரந்தச் சேர்க்கை செய்யும். கடலோரக் காடு போனால் வௌவாலுக்கு மற்ற மாதங்களில் சோறு இல்லை. பிறகு டுரியான் காய்ப்பதற்கு யாரைக் கேட்பது? ஆகவே குகைக்குள் கைவிளக்கை வௌவால்மீது நேராக அடிக்காதீர்கள்; கீழ்நோக்கி வைத்து நடங்கள்.

முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள், பெற்றோரிடம்: பருந்துக்குத் தீனி போடுவீர்களா? குறுகிய இடத்தில் வேகத்தைக் குறைப்பீர்களா? தொப்பி, குடிநீர், வழுக்காத காலணி போதும். உயிர்காப்பு அங்கியைப் படகில் தருவார்கள். தொலைநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன வேலை. வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் அமாவாசை, அஷ்டமி, பௌர்ணமி குறித்திருக்கும். லங்காவியின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை இணையத்தில் தேடி, அந்த மூன்று நாள்களிலும் உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து தாழ்ந்த நீர்மட்டத்தைக் கழித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நாள் முன்பின் இருந்தாலும், எந்த நாளை ஒட்டி வித்தியாசம் மிகக் குறைவாக வருகிறது, சூரியனும் நிலாவும் அன்று எந்தத் திசைகளில் இருக்கின்றன என்று ஒரு படம் வரைந்தால், காரணம் தாளிலேயே தெரிந்துவிடும்.